எனக்காக வாசித்த குரலுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும் உறவுகளுக்கும்,

வணக்கம். நேற்று டாக்டர் பார்த்துவிட்டு, "இனிமேல் படிக்கலாம், எழுதலாம், விமானமும் ஏறலாம்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, நடுநடுவே கண்ணை மூடி ஓய்வெடுத்துக்கொண்டுதான் தட்டச்சு செய்கிறேன். என் கண் ஆபரேஷன் பற்றி உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. ராப்பகல் பாராமல் சொட்டு மருந்து விட்ட மகளுக்கும், அடுப்படியை மொத்தமாக ஏற்றுக்கொண்ட மாப்பிள்ளைக்கும், பயந்து நடுங்கிய என் கையை விடாமல் பிடித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், திருச்சியிலிருந்து தினமும் குரல்செய்தி அனுப்பிய பழைய சக ஆசிரியர்களுக்கும், சமயபுரத்தில் எனக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கும், நான் கேட்காமலேயே பணம் போட்டுவிட்டு "அனுப்பியாச்சு மேடம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்ட என் மாணவ மாணவியருக்கும் நன்றி. தனித்தனியே எழுதக் கண் இடம் கொடுக்கவில்லை. ஊருக்கு வந்து நேரில் சொல்வேன்.

இந்த மடலில் மிச்சமெல்லாம் இந்தக் கரீபியன் தீவான பார்படாஸில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியவருக்கு உரியது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலிகன் தேவாலயத்தில் வேதபாடம் வாசிப்பவர். ஆபரேஷனுக்கு முன்னால் எங்களுக்குள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று "காலை வணக்கம்" சொல்லிக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான்.

கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்ததால் நான் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டியிருந்தது. அந்தக் குமிழி கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, ஊருக்கும் போக முடியாது. எழுதிக்கொண்டிருந்த புத்தகம் பாதியில் நின்றது. 2015-இல் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான வரலாற்றாசிரியர் ஹிலாரி பெக்கிள்ஸின் கல்வி வாழ்க்கையைத் தமிழில் எழுத வேண்டும் என்று நான் ஆசை ஆசையாகத் தொடங்கிய புத்தகம். பார்வை போய்விடுமோ என்ற பயத்தோடு இதுவும் சேர்ந்து நெஞ்சை அடைத்தது. அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அழவும் முடியவில்லை.

அப்படி ஒரு நாள் சாயங்காலம், தோட்டத்தில் விழுந்த ஈரப்பலாக்காயைக் கொடுத்துவிட்டுப் போக வந்தார் பெரியவர். கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்திருக்கிறார். என் முகம் கீழே இருந்தது; அவர் கால்கள் மட்டுமே மங்கலாகத் தெரிந்தன. நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "டீச்சர், எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார்.

இவ்வளவுதான் கேட்டார். எப்படி இருக்கிறீர்கள், வலிக்கிறதா என்று எதுவும் கேட்கவில்லை. நான் பக்கத்தைச் சொன்னேன், வாசிக்கத் தொடங்கிவிட்டார். மறுநாளும் வந்தார். குமிழி கரைந்து, நான் நிமிர்ந்து உட்கார அனுமதி கிடைக்கும்வரை, செடிகளுக்குத் தண்ணீர் விட்ட கையோடு தினமும் வந்து வாசித்தார். தேவாலயத்தில் வாசிக்கிற அதே நிதானம், அதே நிறுத்தம். அடிக்குறிப்புகளைக்கூட விடமாட்டார். "எழுதினவர் போட்டிருக்கிறாரே, அதை விடலாமா?" என்பார்.

பெக்கிள்ஸின் வாழ்க்கையை நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் அந்தத் தீவில் பிறந்து வளர்ந்த ஒருவர் வாயால் கேட்டபோதுதான் அது எனக்குள் இறங்கியது. பெக்கிள்ஸ் பிறந்தது 1955-இல் பார்படாஸில். பதின்ம வயதில் இங்கிலாந்தின் பர்மிங்காமுக்குப் போனார். ஹல் பல்கலைக்கழகத்தில் படித்து 1980-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அடிமை வணிகத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸ் பிறந்த ஊர் ஹல். விடுதலை என்றால் அவர் கொடுத்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த காலம். நானும் வகுப்பறையில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். என் கையில் இருந்த பாடநூலில் கரீபியன் முழுவதற்கும் ஒரே ஒரு பத்தி.

பெக்கிள்ஸின் முனைவர் ஆய்வு 17-ஆம் நூற்றாண்டு பார்படாஸின் ஒப்பந்தக் கூலிகளைப் பற்றியது. 1627-இல் ஆங்கிலேயர் குடியேறியபோது வயலில் முதலில் பாடுபட்டவர்கள் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த ஏழை வெள்ளையர்கள். 1640-களில் கரும்பு வந்தது. அதன்பின் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் மேல் மொத்தப் பாரமும் இறங்கியது. ஒரு தீவின் பொருளாதாரம் எந்தக் கணக்கில், யார் லாபத்துக்காக அடிமைமுறைக்கு மாறியது என்பதைப் பத்திரங்களையும் உயில்களையும் வைத்து அவர் காட்டினார். படித்து முடித்ததும் இங்கிலாந்திலேயே தங்கிவிடவில்லை. ஜமைக்காவில் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் மோனா வளாகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு 1984-இல் சொந்தத் தீவின் கேவ் ஹில் வளாகத்துக்கு வந்தார். நாற்பது வயதாகும் முன்பே பேராசிரியர்.

மோனாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வளாகம் நிற்பதே பழைய கரும்புத் தோட்டத்து நிலத்தில்தான். ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவந்த கல் வாய்க்காலின் இடிபாடுகள் வளாகத்துக்குள் இன்னும் நிற்கின்றன. 1948-இல் 33 மருத்துவ மாணவர்களோடு, லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கல்லூரியாகத் தொடங்கி, 1962-இல் தானே பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகமானது. அடிமைகள் வேலை செய்த மண்ணில் அவர்களுடைய வாரிசுகள் உட்கார்ந்து அந்த மண்ணின் வரலாற்றைப் படிக்கிறார்கள். இதைப் பெரியவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என் அப்பா கரும்பு வெட்டினவர், டீச்சர்" என்றார். பிறகு அடுத்த பத்தியை வாசித்தார்.

பெக்கிள்ஸ் 1989-இல் வெளியிட்ட 'நேச்சுரல் ரெபெல்ஸ்' பார்படாஸின் அடிமைப் பெண்களைப் பற்றிய சமூக வரலாறு. வயலில் ஆண்களுக்குச் சமமாக வெட்டியவர்கள், சந்தையில் காய்கனி விற்றவர்கள், எஜமானின் குழந்தையைத் தன் பாலூட்டி வளர்த்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தை வாசித்த நாட்களில் பெரியவர் தன் மனைவியையும் அழைத்து வந்தார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் என் முதுகைத் தடவிவிட்டுப் போனார்.

நான் மறக்க முடியாதது வாசிப்பில் நானி கிரிக் என்ற பெண்ணின் கதை வந்த சாயங்காலம். 1816 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு இரவு, செயின்ட் பிலிப் வட்டாரத்தில் கரும்புக் காடுகளுக்குத் தீ வைத்துக் கிளர்ச்சி வெடித்தது. புஸ்ஸா என்ற அடிமை தலைமை தாங்கிய கிளர்ச்சி. சில நாளில் அடக்கிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் நாடாளுமன்றத்தில் அடிமைகளைப் பதிவேட்டில் எழுதவைக்கும் மசோதா பேசப்பட்டது, தோட்ட முதலாளிகள் கொதித்துப்போயிருந்தார்கள். சிம்மன்ஸ் தோட்டத்தில் நானி கிரிக் என்ற அடிமைப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. பத்திரிகையில் தான் படித்ததாக மற்றவர்களிடம் சொன்னவர் அவர்: விடுதலை வரப்போகிறது, தராவிட்டால் செயின்ட் டொமிங்கோவில் (இன்றைய ஹைட்டியில்) அடிமைகள் செய்ததுபோலச் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று. இது கிளர்ச்சிக்குப் பின் நடந்த விசாரணையின் வாக்குமூலத்தில் இருக்கிறது. பிடித்துவைத்தவர்கள் எழுதிவைத்த காகிதம்தான். அதற்குள்ளிருந்து இந்தப் பெண்ணைத் தேடி எடுத்து, தலைவர்களின் வரிசையில் நிறுத்தியவர்களில் முக்கியமானவர் பெக்கிள்ஸ்.

அந்த இடத்தில் பெரியவர் நிறுத்தினார். புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டார். பல வருடம் செயின்ட் பிலிப்பில் தபால் கொடுத்தவர் அவர். படிக்கத் தெரியாத வயதானவர்கள் கடிதத்தைப் பிரித்து அவரிடமே நீட்டுவார்களாம். லண்டனில் பஸ் ஓட்டப் போன மகன், செவிலியாகப் போன மகள் எழுதிய கடிதங்கள். வாசலில் நின்று வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாராம். "எத்தனை வருஷமாக அந்த வேலையைச் செய்திருக்கிறேன். நானியும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல் போச்சே" என்றார். குரல் உடைந்திருந்தது. என் கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று நான் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் அவருக்கு இங்கிலாந்து மன்னர்களின் பெயரை வரிசையாக மனப்பாடம் செய்யவைத்தார்களாம். 1816 பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெக்கிள்ஸ் 1990-இல் எழுதிய பார்படாஸ் வரலாற்றை எனக்கு வாசித்துக் காட்டும்போதுதான் அவரும் முதல்முறையாக முழுதாகப் படித்தார். ஆகவே நாங்கள் இருவருமே மாணவர்கள்.

2002-இல் பெக்கிள்ஸ் கேவ் ஹில்லின் முதல்வரானார். 2015 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வீட்டுக்கு ஒரு பட்டதாரி என்பது அவர் தூக்கிப் பிடித்த இலக்கு. எனக்கு அவர் வாங்கிய சர் பட்டத்தைவிட இதுவே பெரிதாகத் தெரிகிறது. நிர்வாக நாற்காலியில் உட்கார்ந்த பல அறிஞர்கள் எழுதுவதை விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இவர் முதல்வராக இருந்துகொண்டே ஆய்வு செய்தார், எழுதினார். பெரியவரின் பேத்தி கேவ் ஹில்லில் படித்தவள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. 2014-இல் அரசு கல்விக் கட்டணத்தை மாணவர் தலையில் வைத்தபோது அவள் படிப்பு நின்றுபோகும் நிலை வந்தது. பெரியவர் தன் சேமிப்பைக் கரைத்துப் படிக்கவைத்தார். 2018-இல் கட்டணம் மறுபடி நீக்கப்பட்டது. அதற்குள் அவள் முடித்துவிட்டாள். கவுன் போட்ட புகைப்படத்தை, என் கண் சரியான பிறகு நான் பார்க்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்து நேற்றுக் காட்டினார்.

கிரிக்கெட் அத்தியாயம் வந்தபோது மட்டும் அவர் ஒழுங்காக வாசிக்கவில்லை. வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்டின் வளர்ச்சியை இரண்டு தொகுதிகளாக எழுதியவர் பெக்கிள்ஸ். அதைப் பல்கலைக்கழகப் பாடமாகவும் ஆக்கியவர். நான்கு வரி வாசித்தால் நாற்பது வரி பெரியவர் சொந்தமாகச் சொன்னார். 1962-இல் பிரிட்ஜ்டவுனில் பந்து தலையில் பட்டு இந்தியக் கேப்டன் நாரி கான்ட்ராக்டர் உயிருக்குப் போராடியபோது, ரத்தம் கொடுக்க முன்வந்தவர் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொரெல். அந்த வொரெலின் சமாதி கேவ் ஹில் வளாகத்து மைதானத்தின் அருகே இருக்கிறது. "உங்களுக்கும் எங்களுக்கும் ரத்த பாத்தியதை உண்டு டீச்சர்" என்றார். விமானம் ஏறும் முன் அங்கே போய் ஒரு பூ வைத்துவிட்டு வருவேன்.

2015 முதலான துணைவேந்தர் காலத்தைப் பற்றிப் புத்தகத்தில் விரிவாக வரும். இங்கே ஒன்றை மட்டும். 1833 சட்டப்படி பிரிட்டன் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமைகளுக்கு ஒரு காசு இல்லை. பார்படாஸில் மட்டும் 83,000 பேர் வெறுங்கையோடு விடுதலையானார்கள். அந்த நஷ்டஈட்டுக்காக அரசு வாங்கிய கடன் முழுதாக அடைக்கப்பட்டது 2015-இல். கரீபிய நாடுகளின் இழப்பீட்டு ஆணையத்துக்குப் பெக்கிள்ஸ் தலைவர். 2014-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே போய்ப் பேசினார். 2019-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம், அடிமைமுறைப் பணம் தனக்கும் வந்து சேர்ந்ததை ஒத்துக்கொண்டு, இவருடைய பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வுக்காக 20 ஆண்டுகளில் 2 கோடி பவுண்டு திரட்டிச் செலவிட உடன்பட்டது. அதே 2 கோடி. அன்றைய மதிப்போடு பார்த்தால் சிறு தொகைதான். ஆனாலும், காப்பகத்தில் கணக்கேடுகளைப் புரட்டிய மாணவர் ஒருவர் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போய்க் கடன்பட்டவர்கள் கதவைத் தட்டி, ஒரு கதவையாவது திறக்கவைத்தாரே. வரலாறு படித்து என்ன ஆகப்போகிறது என்று என் மாணவர்களின் பெற்றோர் கேட்பார்கள். இனிமேல் இதைச் சொல்வேன்.

பெரியவரே, இதை உங்கள் பேத்தி மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். உங்கள் நேரத்துக்கு விலை பேசினேன் என்று நீங்கள் ஒரு நாள் கோபித்துக்கொண்டீர்கள். இனிப் பேசமாட்டேன். புத்தகத்தின் சமர்ப்பணப் பக்கத்தில் 'தபால்காரருக்கு' என்று மட்டும் போடுகிறேன். அதற்கு நீங்கள் தடை சொல்லக் கூடாது.

திருச்சி வந்ததும் இரண்டு வேலை வைத்திருக்கிறேன். புத்தகம் அச்சாகும்போதே முழுவதையும் என் குரலில் ஒலிப்பதிவு செய்துவிடுவேன், அடிக்குறிப்பு உட்பட. அடுத்து, பார்வைக் குறைபாடுள்ள கல்லூரி மாணவர்களுக்கு வாரம் இரண்டு சாயங்காலம் பாடம் வாசிப்பேன். தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஆள் கிடைக்காமல் திண்டாடுவதை நான் பணியில் இருந்தபோதே அறிவேன். உங்களில் யார் யார் வரமுடியும் என்று எனக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய பணத்தில் சிகிச்சை போக மிச்சம் இருக்கிறது. திருப்பித் தந்தால் வாங்கமாட்டீர்கள். அதில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கி, அந்த மாணவர்களின் பொதுப் பயன்பாட்டுக்கு வைக்கலாம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நான் ஊர் திரும்பும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்