எது உண்மையான ஓட்டை?

சென்னை

அன்புள்ள சங்கரனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இந்தப் பருவத்தில் செயலிப் பாதுகாப்பைத் தனிப் பாடமாக நடத்தப் போகிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். ஆனால், "ஓட்டைகளையெல்லாம் இயந்திரமே கண்டுபிடித்துவிடுகிறதாமே, பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுப்பது?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தாயே, அதற்குத்தான் உடனே பதில் எழுத வரவில்லை.

நாம் ஒரே மேசையில் வேலை பார்த்த காலத்தில், தாக்குபவர் நுழையக்கூடிய ஓட்டைகளை நிரலில் தேடித் தரும் ஸ்கேனர் ஒன்று இருந்தது உனக்கு நினைவிருக்கும். இரவெல்லாம் ஓடி, காலையில் நானூறு பக்க அறிக்கையைக் கொட்டும். மதியச் சாப்பாட்டுக்குள் அதில் முக்கால்வாசியை நீ அடித்துவிடுவாய். அந்தப் பொய் எச்சரிக்கைகள் பொய் என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தன. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதி வருபவை அப்படி இல்லை. ஓட்டை இருக்கும் ஃபங்ஷனின் (நிரலில் தனிப் பெயருள்ள ஒரு பகுதியின்) பெயர், தாக்கும் வழி, அதை அடைக்க வேண்டிய முறை என எல்லாமே பிசிறில்லாத ஆங்கிலத்தில் இருக்கும். அரை நாள் உட்கார்ந்து மூலநிரலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அப்படியொரு ஃபங்ஷனே அதில் கிடையாது என்று தெரியவரும்.

இதில் அதிகம் அடிபட்டவர்களில் ஒருவர், இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் மென்பொருளை உருவாக்கிய சுவீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க். கைப்பேசி, கார், தொலைக்காட்சி என்று கர்ல் இல்லாத கருவியைத் தேடிப் பிடிப்பதே கடினம். அதைக் காக்கும் பாதுகாப்புக் குழுவிலோ ஏழு பேர்தான். ஓட்டையைக் காட்டுவோருக்கு 2019 முதல் அவர்கள் பணம் கொடுத்து வந்தார்கள். பணம் கிடைக்கிறது என்றதும், நிரலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியிடம் கேட்டு வாங்கிய அறிக்கைகளை அப்படியே அனுப்பத் தொடங்கினார்கள். 2025 ஜூலையில் அவர் தந்த கணக்குப்படி, வந்தவற்றில் ஏறக்குறைய 20 விழுக்காடு இப்படிப்பட்ட குப்பை. அந்த ஆண்டு அதுவரை வந்தவற்றில் உண்மையான ஓட்டையாகத் தேறியது 5 விழுக்காடுதான். ஒவ்வொரு அறிக்கையையும் மூன்று நான்கு பேர் அரை மணி முதல் சில மணி நேரம் வரை படித்தாக வேண்டும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த ஏழு பேரின் சோர்வு உனக்கு விளங்கும். இறுதியில் 2026 ஜனவரி முடிவோடு சன்மானத்தையே நிறுத்திவிட்டார்.

இதை மட்டும் கேட்டால் செயற்கை நுண்ணறிவு வெறும் தொல்லை என்று நீ முடிவு கட்டிவிடுவாய். ஆனால் அதே ஸ்டென்பெர்க்கிடம் 2025 செப்டம்பரில் ஓர் ஆய்வாளர், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு தேடி எடுத்த ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்தார். அதைப் பார்த்து வியந்து, வெளிப்படையாகப் பாராட்டி, பல பத்துப் பிழைகளைத் திருத்தியவரும் அவரேதான். கருவி அனுப்பியதை முதலில் தானே படித்து, சலித்து, நின்றதை மட்டும் அனுப்பத் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தார் என்பதுதான் வித்தியாசம். உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலும் இதை ஒட்டியதுதான்: கண்டுபிடிப்பது மலிந்துவிட்டது, சலிப்பது மலியவில்லை.

எவ்வளவு மலிந்துவிட்டது என்பதற்கு ஒரு கணக்கு. ஓட்டைகளைத் தாமாகவே கண்டுபிடித்து அடைக்கும் எந்திரங்களுக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா இரண்டு ஆண்டுகள் நடத்திய போட்டியின் முடிவு, 2025 ஆகஸ்டில் டெஃப்கான் என்னும் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் வெளியானது. மனிதர் கைபடாமல், 5 கோடியே 40 லட்சம் வரி நிரலை அலசிய எந்திரங்கள், வேண்டுமென்றே புதைத்து வைக்கப்பட்ட ஓட்டைகளில் 54ஐக் கண்டுபிடித்து 43ஐ அடைத்தன. யாரும் புதைக்காத 18 நிஜ ஓட்டைகளும் சிக்கின. ஒரு பணிக்குச் சராசரிச் செலவு 152 டாலர். நம்மைப் போன்றவரின் ஒரு வாரக் கட்டணத்தோடு இதை ஒப்பிட எனக்கு மனமில்லை.

இன்னொரு பக்கத்தையும் மாணவர்களுக்குக் காட்டு. ஷான் ஹீலன் என்னும் ஆய்வாளர், தாம் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த ஓட்டை ஒன்றை ஓப்பன்ஏஐயின் ஓ3 என்னும் மொழி மாதிரி பிடிக்கிறதா என்று 100 முறை ஓட்டிப் பார்த்தார். 8 முறைதான் பிடித்தது. இல்லாத ஓட்டையை இருப்பதாகச் சொன்னது அதைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் அந்தச் சோதனைகளின் போக்கிலேயே, அவரே அறியாத ஒரு புதிய ஓட்டையையும் அது காட்டிக்கொடுத்தது. ஒருமுறை ஓட்டி "பிழை இல்லை" என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகிறவனுக்கு இந்தக் கருவி ஆகாது.

எங்கள் வேலையில் புதிதாகச் சேர்ந்திருப்பது, மொழி மாதிரி படிக்கும் உரைக்குள் கள்ளக் கட்டளையை ஒளித்து வைக்கும் பிராம்ட் இன்ஜெக்‌ஷன். தரவுத்தளக் கட்டளைக்குள் வேறு கட்டளையைச் செருகும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனை நாம் அடக்கியது எப்படி? கட்டளை ஒரு வழியாகவும், பயனர் தந்த தரவு வேறு வழியாகவும் தரவுத்தளத்துக்குப் போகும்படி பிரித்துவிட்டோம். மொழி மாதிரிக்கோ இரண்டும் ஒரே உரையாக, ஒரே வாசல் வழியாகத்தான் போகின்றன. நடுவே சுவர் எழுப்ப இடமே இல்லை. 2025 ஜூனில் வெளிவந்த எக்கோலீக் ஓட்டை இப்படிப்பட்டதுதான்: ஒருவருடைய அஞ்சல் பெட்டிக்கு ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்திருந்தால் போதும், அதில் அவர் எதையும் சொடுக்காமலேயே, பிறகு அவர் கேள்வி கேட்கும்போது, மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் என்னும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் அவருடைய தகவல்களை வெளியே கசியவிடும்படி செய்ய முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அதை அடைத்துவிட்டது. சென்ற மாதம் நான் சோதித்த ஒரு வாடிக்கையாளர் சேவை உதவியாளருக்கு, புகார்க் கடிதம் ஒன்றின் நடுவே இரண்டு வரி மட்டும் செருகி அனுப்பினேன். வேறொருவருடைய ஆர்டர் விவரத்தைப் பணிவோடு எடுத்துக் கொடுத்தது. நிரலில் எந்த வரியைத் திருத்தச் சொல்வது? உதவியாளர் தொடக்கூடிய தரவையே குறையுங்கள் என்றுதான் அறிக்கையில் எழுத முடிந்தது.

எனக்குள்ள கவலை வேறு. அந்த நானூறு பக்கங்களை அடித்து அடித்துத்தான் நீயும் நானும் தொழில் கற்றோம். அந்த வேலையை இப்போது இயந்திரத்திடம் கொடுத்துவிட்டதால், எங்கள் குழுவில் புதியவர்களை எடுப்பதே குறைந்துவிட்டது. எழுதப்படும் நிரலோ, அதையும் இயந்திரமே எழுதுவதால், பெருகிக்கொண்டே போகிறது. சலிக்கத் தெரிந்த கை இன்னும் பத்தாண்டில் எங்கிருந்து வரும் என்று கேட்டால், மேலே இருப்பவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். ஒருவேளை அது உன் வகுப்பிலிருந்துதான் வர வேண்டுமோ என்னவோ.

ஆகவே ஒன்று செய்திருக்கிறேன். வாடிக்கையாளர் அடையாளங்களை நீக்கிவிட்டு மூன்று ஓட்டை அறிக்கைகளையும், அவை குறிப்பிடும் நிரல் பகுதிகளையும் இத்துடன் அனுப்புகிறேன். மூன்றையும் எழுதியது மொழி மாதிரிதான், ஒன்றுதான் உண்மை. மாணவர்களுக்கு ஒரு வாரம் கொடு. எது உண்மை என்று உனக்கும் நான் சொல்லவில்லை. நீயும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ரவி