கணக்கில் 10 மணி நேரம், டிக்கெட்டில் 12 மணி நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ போய் இறங்கிய அன்று போனில் கத்திவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. என் கணக்குப்படி நீ இரண்டு மணி நேரம் முன்பே இறங்கியிருக்க வேண்டும். அம்மா வேறு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "இறங்கிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டு ஊருக்கும் நடுவில் வான்வழி தூரம் 9,000 கிலோமீட்டர் என்று பார்த்தேன். ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 போகும். வகுத்தால் 10 மணி. பஸ்ஸுக்குப் போடுகிற கணக்கு!

போதாததற்கு, விமானம் போகும் பாதையைத் திரையில் பார்த்தால் வடக்கே வளைந்து போகிறது. சுற்றிக்கொண்டு போகிறானே என்று அதற்கும் திட்டினேன். அப்புறம் நீ சின்ன வயதில் உருட்டி விளையாடிய பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தேன். நூலும் வடக்கே ஏறித்தான் போனது. அதுதான் குறுக்குவழியாம். உருண்டையைத் தட்டையாக விரித்த வரைபடத்தில்தான் அது வளைவாகத் தெரிகிறது.

சரி, மிச்ச நேரம் எங்கே போனது? காற்றில். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி ஆகும் தூரம். நீ கிழக்கே நம்மிடம் வரும்போது அந்தக் காற்று தள்ளிவிடுகிறது, திரும்பிப் போகும்போது பிடித்து இழுக்கிறது. எனக்கு அந்தக் காற்றைப் பிடித்துவிட்டது.

வரும்போது மிச்சமானது போகும்போது சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆகாது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வை. வர 9 மணி, போக 11 மணி 15 நிமிடம். கூட்டினால் 20 மணி 15 நிமிடம். காற்றே இல்லையென்றால் 20 மணிதான். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் அந்தக் கால் மணி போனது போனதுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது, சிரிக்காதே.

டிக்கெட்டில் போடும் 12 மணி நேரம், புறப்படும் இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்குமாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக ஏறி இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. தாமதம் வந்தால் சமாளிக்கக் கொஞ்சம் கூட்டியும் வைப்பார்களாம்.

அடுத்த முறை டிக்கெட் போட்டதும் இறங்கும் நேரத்தை எழுதி அனுப்பு. எந்த ஊர் நேரம் என்றும் சேர்த்து எழுது. போன தடவை அம்மா உன் ஊர் நேரத்தை நம் வீட்டுக் கடிகாரத்தில் பார்த்துவிட்டு, நீ இன்னும் விமானத்தில் பறந்துகொண்டிருக்கும்போதே "இறங்கியிருப்பான், போன் போடுங்க" என்றாள்.

அப்பா