முதல்வர் கனவோடு களத்தில் இருக்கும் தலைவர்களுக்கு

வணக்கம்.

நாற்காலிக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆசையே இல்லாதவர் தேர்தல் பக்கம் வரமாட்டார். ஆனால் அந்த ஆசைக்காக நீங்கள் சொந்தக் கட்சிக்குள்ளேயே மோதிக்கொள்வதை வாக்காளர் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அதைத்தான் மறந்துவிடுகிறீர்கள்.

ஆண்டிப்பட்டியை நினைத்துப் பாருங்கள். 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார். தொகுதியில் கால் வைக்காமலே ஜெயித்தார். 1989 ஜனவரியில் அதே தொகுதியில் அவர் மனைவி ஜானகி தோற்றார். மக்கள் எம்.ஜி.ஆரை மறந்துவிட்டார்களா? இல்லவே இல்லை. அவர் கண்ணை மூடியதும் அடுத்து யார் என்ற சண்டையில் கட்சி இரண்டானது, இரட்டை இலை முடங்கியது. வாக்குச்சீட்டில் ஒரு அணிக்குச் சேவல், இன்னொரு அணிக்கு இரட்டைப் புறா. பல வருஷமாக இலையையே தேடிக் குத்திப் பழகிய கை அன்றைக்கு எவ்வளவு தடுமாறியிருக்கும்! ஜெயலலிதா அணி 27 இடங்களோடு நின்றது, ஜானகி அணி அநேகமாகத் துடைத்தெறியப்பட்டது. 13 வருஷம் ஆட்சிக்கு வெளியே இருந்த தி.மு.க. கோட்டைக்குத் திரும்பியது. அப்புறம் இரு அணிகளும் சேர்ந்து இலை கைக்கு வந்ததும், அதே வருஷம் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் இடைத்தேர்தலில் ஜெயித்தார்கள். வாக்காளர் எங்கேயும் போய்விடவில்லை.

சரி, அது பழைய கதை என்பீர்கள். பஞ்சாபில் 2017-ல் 77 இடம் பிடித்த காங்கிரஸ் 2022-ல் 18-க்கு இறங்கியது. இடையில் அங்கே நடந்தது முதல்வராக இருந்த அமரீந்தர் சிங், மாநிலக் கட்சித் தலைவர் சித்து, அமரீந்தருக்குப் பின் முதல்வரான சன்னி மூவருக்கும் இடையிலான இழுபறி. அமரீந்தர் தனிக்கட்சி தொடங்கியும் பாட்டியாலாவில் தோற்றார். சித்துவும் தோற்றார். சன்னி நின்ற இரண்டு தொகுதியிலும் தோற்றார். அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மூவரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய மக்களின் கோபத்தை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

எனக்கு உங்களைவிட உங்கள் கிளைச் செயலாளரை நினைத்துத்தான் வருத்தம். வாக்குச்சாவடிக்கு வெளியே ஒரே மேஜையில் உட்கார்ந்து பூத் சிலிப் எழுதிக் கொடுத்த இரண்டு பேர், நீங்கள் பிரிந்ததும் தனித்தனி மேஜை போடுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஓட்டுப் போட வருகிறவர் இரண்டு மேஜையையும் பார்த்துவிட்டு, எதிலும் நிற்காமல் நேரே உள்ளே போகிறார்.

அடுத்த முறை தனி அணி என்று அறிவிக்கும் முன் அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். வீடு வீடாகப் போய் என்ன காரணம் சொல்லி ஓட்டுக் கேட்பது என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்