சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழு: நம் நாட்டுக்கான வழிகாட்டல் தமிழில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில், மறுநடவு செய்த செம்பனை (எண்ணெய்ப்பனை) நிலங்களில் கன்றுகள் ஓங்கி நிழல் விழும்வரை இடைவரிசைகளில் இனிப்புச் சோளம் பயிரிட்டு, அதை இரவுச் சந்தையிலும் சாலையோரத்திலும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ளன. அவர்களில் ஒருவன் என்ற முறையில், இப்பயிரை அழித்துவரும் படைப்புழுவைப் பற்றியும், அதைச் சமாளிக்க நமக்குப் புரியும் மொழியில் சரியான தகவல் கிடைக்காததைப் பற்றியும் எழுதுகிறேன்.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இப்புழு 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் காணப்பட்டது. அவ்வாண்டு தமிழகத்தின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோள விவசாயிகள் அடைந்த இழப்பைப் பலர் செய்திகளில் படித்திருப்பீர்கள். 2019இல் அது மலேசியாவுக்கும் வந்துவிட்டது. இதன் தாய்ப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது என்பதால், வேலி கட்டியோ ஒரு தோட்டத்தை மட்டும் சுத்தமாக வைத்தோ இதைத் தடுக்க முடியாது.

மருந்து அடித்தும் புழு சாகவில்லை என்ற குறையைத்தான் இங்கே எங்கும் கேட்கிறேன். மருந்து போலி என்று சிலர் கருதுகிறார்கள். அளவு போதவில்லை என்று சிலர் இரட்டிப்பாகக் கலக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் தவறுவது காலம்தான். பெண் பூச்சி இலையில் நூறு இருநூறு முட்டைகளைக் குவியலாக இட்டு மெல்லிய உரோமத்தால் மூடிவைக்கிறது. இரண்டு மூன்று நாளில் பொரிக்கும் குஞ்சுப்புழுக்கள் இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டுவதால், இலையில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். புழுவை எளிதில் கொல்லக்கூடிய நேரம் அதுவே. வளர வளர அது குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற தன் கழிவாலேயே வாயிலை அடைத்துக்கொள்கிறது. மேலிருந்து தெளிக்கும் மருந்து அதன் உடலைத் தொடுவதே இல்லை. தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பகுதியை அது கடைசிப் பருவத்தில்தான் தின்கிறது. எனவே இலை கிழிந்து தொங்குவதைப் பார்த்துப் பதறிப்போய் மருந்துக்கடைக்கு ஓடுகிற நாளில், பாதிப்பின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும்.

ஆகவே முளைவிட்ட நாளிலிருந்தே வாரம் இருமுறையாவது வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் நின்று பார்த்தால் போதாது. உள்ளே ஐந்து இடங்களில் பத்துப் பத்துச் செடிகளின் குருத்தை விரித்துப் பார்த்து, பத்தில் இரண்டு செடிக்கு மேல் புதிய சேதமும் சிறு புழுக்களும் இருந்தால் மட்டும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். தலையில் தலைகீழான ‘ஒய்’ எழுத்து வடிவக் கோடும், வால்பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழுவே. சோளத்தைத் தாக்கும் மற்றொரு புழுவான தண்டுத் துளைப்பானுக்கு இந்த அடையாளங்கள் இல்லை. முட்டைக் குவியலைக் கண்டவுடன் கையால் நசுக்குவது செலவில்லாத, மிகப் பயனுள்ள வேலை. தெளிப்பதானால் புழு வெளிவரும் அந்தி நேரத்தில், குருத்துக்குள் இறங்கும்படி தெளிக்க வேண்டும். இளஞ்சோளம் ஓரளவு இலைச் சேதத்தைத் தாங்கித் தழைத்துவிடும் என்பதையும் நம்மவர்கள் அறிய வேண்டும். ஒவ்வொரு ஓட்டைக்கும் மருந்து அடித்தால், முட்டையைத் தாக்கும் சிறு குளவிகளும் புழுவைத் தின்னும் பூச்சிகளும்தான் முதலில் அழியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாரந்தோறும் விற்பனைக்குக் கதிர் வேண்டும் என்பதற்காக நாம் சிறு சிறு பாத்திகளாகத் தொடர்ந்து நடுகிறோம். பிழைப்புக்கு அது தேவைதான். ஆனால் நம் வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும் இப்புழுவுக்கு, அருகருகே எப்போதும் இளங்குருத்து கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அக்கம்பக்கத்தார் பேசி முடிவெடுத்து ஏறத்தாழ ஒரே காலத்தில் நட்டு, இடையே சில வாரங்கள் நிலத்தைச் சோளமின்றி விட்டால் பெருக்கம் குறையும். இதைத் தனி ஒருவரால் செய்ய இயலாது.

தகவல் தேடுகிறவர்கள் இன்று கைப்பேசியில் தமிழகக் காணொளிகளையே நம்புகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்துள்ள அறிவுரைகள் அருமையானவை. வேப்பம் புண்ணாக்கு இடுவது, வரப்பில் தட்டைப்பயறு விதைப்பது, ஆண் பூச்சிகளை மணத்தால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது ஆகியவற்றை இங்கும் முயன்று பார்க்கலாம். மருந்து விஷயம் அப்படியன்று. அங்கே சொல்லப்படும் மருந்து இங்கே சோளத்துக்குப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. இங்கே நாம் பழகிய குளோர்பைரிபாஸ், கார்போபியூரான் ஆகிய பூச்சிமருந்துகளை விவசாயத்தில் பயன்படுத்த 2023 மே மாதம் முதல் தடை உள்ளது. பழைய கையிருப்பைக் குருத்தில் தூவுகிறவர்கள் தடையை அறியாமலேயே செய்கிறார்கள் என்று அஞ்சுகிறேன். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாள்கள் மருந்துப் புட்டியில் ஒட்டியுள்ள சிட்டையில் மலாய் மொழியில் அச்சிடப்பட்டிருந்தாலும், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூத்தவர்களுக்கு அதை யார் எடுத்துச் சொல்வது? அந்தக் கதிரை வாங்கிப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுப்பவர்களும் நம் மக்களே.

எனவே விவசாய இலாகா, மலேசியாவில் சோளத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருந்துகள், அவற்றின் அளவு, காத்திருக்க வேண்டிய நாள்கள் ஆகியவற்றை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு மருந்துக்கடைகளிலும் ஆலய மண்டபங்களிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நடவுக்கு முன் தோட்டப்புறங்களில், தமிழ் அறிந்த அலுவலர் ஒருவருடன் வயலிலேயே ஒரு விளக்கக்கூட்டம் நடத்தினால், அடையாளம் காண்பதைக் கண்ணாலேயே கற்றுக்கொள்ளலாம். தங்கள் நாளிதழும் வாரம் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கி, விவசாயிகளின் கேள்விகளுக்குத் துறை வல்லுநர்களிடம் பதில் பெற்று வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சோளம் பயிரிடும் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்