பொன்னாடை குறையட்டும், பாட்டு நீளட்டும்

ஐயா,

வெள்ள நிவாரண நிதிக்காக மதுரையில் இசைக்குழுக்கள் பாடப்போவதாக வந்த செய்தியைப் படித்தேன். நல்ல காரியம்தான்; ஆனால் மேடையைப் பேச்சாளர்களிடம் விட்டுவிடக் கூடாது. 1985 ஜூலை 13 அன்று, எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 20 நிமிடம். அதற்குள் அதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரி சுமார் 72 ஆயிரம் பேரையும் கூடவே பாட வைத்துவிட்டார்.

இங்கே நான் போன ஒரு நிதிக் கச்சேரியில் பொன்னாடை போர்த்தி முடிக்கவே இரண்டு மணி நேரம். கிதார் சத்தம் கேட்டபோது பாதிப் பேர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க மாட்டுத்தாவணிக்குக் கிளம்பியிருந்தார்கள். அப்புறம் உண்டியலில் என்ன விழும்? குழுவுக்கு 20 நிமிடம் ஒதுக்கி, பாட்டுக்கு நடுவே உண்டியலைச் சுற்றவிடலாம். பொன்னாடைக் காசையும் அதிலேயே போட்டுவிடலாம்.

– ஒரு வாசகர், செல்லூர், மதுரை