வேகத்தைப் பின்னறையில் அளந்து காட்டுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்புத் தர வந்தவர்கள், முன்கூடத்தில் ரவுட்டரைப் பொருத்தி, அதன் அருகிலேயே நின்று கைத்தொலைபேசியில் வேகத்தை அளந்து காட்டிவிட்டுச் சென்றனர். அன்று மாலையே, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் பின்னறையிலிருந்து சூம் வகுப்பில் சேர்ந்தபோது ஆசிரியரின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. அதன்பின் மூன்று மாதங்கள் அவள் முன்வாசற்படியில் அமர்ந்து, கொப்பியை மடியில் வைத்தபடி படித்தாள். நாங்களோ இணைப்பையே குறை கூறிக்கொண்டிருந்தோம். குறை ரவுட்டரின் அமைப்பில் இருந்தது.

இன்று வீடுகளுக்குத் தரப்படும் ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கையில் கூடுதலாக வலுவிழக்கும், 2.4 வேகம் குறைந்ததாயினும் தூரம் செல்லும். இரண்டுக்கும் ஒரே வைஃபைப் பெயர் இடப்பட்டிருந்தால், எதில் சேர்வது என்பதைப் பெரும்பாலும் நம் கருவியே தீர்மானிக்கிறது. முன்கூடத்தில் 5இல் சேர்ந்த மடிக்கணினி, இரண்டு தடித்த சுவர்களுக்கு அப்பால் போன பின்னரும் அதனையே பற்றிக்கொண்டிருந்ததுதான் எங்கள் வீட்டில் நடந்தது.

ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருந்த சிட்டையிலுள்ள முகவரியையும் கடவுச்சொல்லையும் கொண்டு அதன் அமைப்புப் பக்கத்தில் உள்நுழைந்து, இரண்டுக்கும் வெவ்வேறு பெயரிட்டு, மடிக்கணினியை 2.4இல் சேர்த்தோம். குரல் தெளிந்தது, ஆனால் இரவு ஏழு மணிக்குப் பின் மந்தம் தொடர்ந்தது. கைத்தொலைபேசிச் செயலியொன்றில் பார்த்தபோது அயலில் ஒன்பது வைஃபைகள் தெரிந்தன, அவற்றில் ஆறு 6ஆம் சனலில், அதாவது அலைவரிசையின் ஒரே உட்பிரிவில். 2.4இல் 1 முதல் 13 வரையான சனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி நிற்பவை. ரவுட்டரோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவேதான் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு சொல்கிறார்கள். வெறுமையாகக் கிடக்கிறதென்று 3ஐயோ 4ஐயோ எடுப்பவர் இருபக்க இடையூறையும் வாங்கிக்கொள்வதோடு அயலாருக்கும் இடையூறு செய்கிறார். கூடுதல் வேகம் கிடைக்குமென்று 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை இயக்குவதும், வீடுகள் நெருங்கிய தெருவில் அதே தவறுதான். நாங்கள் 11க்கு மாறி, அகலத்தை 20 ஆக்கினோம். மகள் இப்போது தன் மேசையிலிருந்து படிக்கிறாள்.

ரவுட்டருக்கு அருகிலுள்ள தொலைக்காட்சியை 5இல் விட்டிருக்கிறோம். பழைய அச்சுப்பொறிக்கு 2.4 மட்டுமே தெரியும்.

இவற்றைச் செய்ய அரைமணி நேரமும் போதும். ஆயினும் ரவுட்டரின் திரையில் உள்ளதெல்லாம் ஆங்கிலமாக இருக்கையில், வயதானவர்கள் மட்டும் வாழும் வீட்டில் இதை யார் செய்வார்கள்? இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் இவ்வமைப்புகளை விளக்கும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் தர வேண்டும். பொருத்த வருபவர்களும், வீட்டுப் பிள்ளை படிக்கும் அறைக்குள் சென்று வேகத்தை அளந்து காட்டிய பின்னரே கையெழுத்து வாங்க வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.