பால் பேரேட்டில் மாட்டுக்கும் ஒரு பக்கம் வேண்டும்

குமரி மாவட்டத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர், செயலாளர் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். எனக்குத் திருவட்டாறு பக்கம். இரண்டு கறவையும் ஒரு கிடாரியும் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், அதனால் எங்கள் வீட்டில் பால் என்றால் எந்தப் பால் என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். இந்த மடல் மாட்டுப் பாலைப் பற்றியது.

காலையும் மாலையும் நாங்கள் பால் ஊற்றும்போது லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) எல்லாம் பதிகிறீர்கள். போன கார்த்திகையில் நான் எவ்வளவு ஊற்றினேன் என்று கேட்டால் எடுத்துச் சொல்லிவிடுவீர்கள். ஆனால் அது எந்த மாட்டின் பால், அந்த மாடு எப்போது கன்று போட்டது, எத்தனையாவது சினை ஊசிக்குப் பிடித்தது, அதன் தகப்பன் எந்தக் காளை என்று கேட்டால் உங்களிடமும் பதில் இல்லை, பல நேரம் எங்களிடமும் இல்லை. பேரேட்டில் ஆள் இருக்கிறார், மாடு இல்லை. நான் கேட்பது மாட்டுக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான்.

எங்கள் அம்மா தொழுவத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைப்பார். ஊசி போட்ட நாள், கன்று போட்ட நாள், கிடாரியா காளையா, எல்லாம் அந்தச் சுவரில் இருந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு அடிக்க வாங்கிய சுண்ணாம்பு கொஞ்சம் மிஞ்சியது, தம்பி ஆசையாகத் தொழுவத்துக்கும் அடித்துவிட்டான். பத்து வருஷ வரலாறு போயிற்று. அம்மா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அதற்கப்புறம்தான் நான் நோட்டுக்கு மாறினேன், நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்ட நாற்பது பக்க நோட்டு.

அந்த நோட்டு என்ன செய்தது என்று சொல்கிறேன். என் கறவைகளில் ஒன்றான செவலை மார்ச் 20-இல் மூன்றாவது ஈத்து கன்று போட்டது. ஜூன் 3-இல் ஊசி. நிற்கவில்லை, ஜூன் 25-இல் மறுபடி. அப்புறம் ஆகஸ்ட் 5, அப்புறம் செப்டம்பர் 9. நான்கு ஊசி, அக்டோபர் 1-இல் மறுபடியும் பருவத்துக்கு வந்து கத்துகிறது. ‘சினை நிற்காத மாடு, வித்துவிடு’ என்று சொல்லாத ஆள் இல்லை. கால்நடை மருத்துவர் வந்தபோது நோட்டைக் காட்டினேன், மாட்டைத் தொடுமுன் அவர் நோட்டில் இருந்த நாட்களைக் கூட்டினார். முதல் இடைவெளி 22 நாள். மாடு 21 நாளுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நாள் முன்பின், பருவத்துக்கு வரும், ஆகவே அது வெறுமனே நிற்காத ஊசி. அடுத்தது 41 நாள், அதாவது நடுவில் ஒரு பருவம் வந்து போயிருக்கிறது, நான் பார்க்கவில்லை. (ஜூலை 16 வாக்கில் நாத்தனார் வீட்டில் கல்யாணம். யாரைக் குறை சொல்ல?) அதற்கடுத்தது 35 நாள். அதைத்தான் அவர் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். 21-க்கும் பொருந்தாமல் 42-க்கும் பொருந்தாமல் வந்தால், கரு நின்று கலைந்திருக்கலாம், கருப்பையில் கோளாறு இருக்கலாம். சோதித்துப் பார்த்தார், கருப்பையில் தொற்று. மருந்து கொடுத்து, அடுத்த பருவத்தைச் சும்மா விட்டு, நவம்பர் 14-இல் போட்ட ஊசி நின்றது. நாட்கள் எழுதாமல் இருந்திருந்தால் செவலை இன்றைக்கு ஏதாவது சந்தையில் நிற்கும்.

இது ஒரு மாட்டின் கதை. உங்களுக்கு எழுதுவதற்கு உண்மையான காரணம் அடுத்தது.

காளையின் விந்து அடைத்து வரும் ஊசிக் குச்சியில் அந்தக் காளையின் எண் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். தீக்குச்சியைவிட மெல்லிசு, வேலை முடிந்ததும் சாணித் தரையில் போய் விழும். நான் அதைப் பொறுக்கிக் கழுவி, செல்போனில் பெரிதாக்கி வாசித்து நோட்டில் ஒட்டிவைக்கிற பழக்கக்காரி, வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். செவலையின் மகள் கிடாரி முதல் பருவத்துக்கு வந்தபோது ஊசி போட வந்தவரிடம் எண்ணைக் கேட்டேன். ‘எல்லாம் நல்ல ஜெர்சிதான்’ என்றார். விடாமல் கேட்டு வாங்கிப் பார்த்தால், கிடாரியின் தகப்பன் எண்ணும் அதே எண். மகளுக்குத் தகப்பனையே போடப் பார்த்தோம். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஒரு ஏடும் கிடையாது. வேறு குச்சி எடுத்தார். நோட்டு இல்லாத வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரப்பர் தை வாங்கப் போனால் ‘நூற்றைந்தா?’ என்று கேட்காத ஆள் நம் மலையோரத்தில் உண்டா? இருபது வருஷத்துக்கு மேல் நிற்கப்போகிற மரம் என்று ரகத்தின் எண் கேட்கிறோம். தொழுவத்தில் மகள், பேத்தி என்று தொடரப்போகிற மாட்டுக்குக் கேட்பதில்லை.

சரி, வீட்டுக்கு வீடு நோட்டு போட்டால் போதாதா, சங்கம் எதற்கு என்று கேட்பீர்கள். போதாது. மாட்டுக்கு மாடு பால் வித்தியாசப்படுவதில் ஏறக்குறைய கால் பங்கு பரம்பரையால் வருவது. சினை பிடிப்பதில் அது நூற்றுக்கு ஐந்துகூடக் கிடையாது, மீதி எல்லாம் தீனி, தாது உப்பு, வெக்கை, ஊசி போட்ட நேரம். அதனால் என் ஒரு கிடாரியை வைத்து அதன் தகப்பனை நல்லவன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே காளையின் மகள்கள் நூறு பேர் தோவாளையிலும் தக்கலையிலும் குலசேகரத்திலும் நூறு தொழுவத்தில் நின்று, அத்தனை பேரும் எத்தனையாவது ஊசிக்குச் சினையானார்கள், யாருக்கு மடிநோய் வந்தது, யாருக்கு நஞ்சுக்கொடி விழவில்லை என்று எழுதப்பட்டிருந்தால், அந்தக் காளையின் குணம் தானாகத் தெரியும். நார்வேக்காரர்கள் 1970-களிலிருந்து இதைத்தான் செய்கிறார்கள். மாட்டுக்கு மாடு சிகிச்சைச் சீட்டு, அதைச் சேர்த்துப் பார்த்துத்தான் காளைத் தேர்வு. அவர்களிடமும் அன்று பெரிய பண்ணைகள் கிடையாது, சின்னத் தொழுவங்கள்தான். பாலை மட்டுமே பார்த்துக் காளை தேர்ந்த நாடுகளில் ஹோல்ஸ்டீன் மாடுகள் பாலைக் கொட்டின, சினை பிடிப்பது குறைந்துகொண்டே போயிற்று. அமெரிக்காவில் 2003-இல்தான் மகள்கள் சினை பிடிக்கும் விகிதத்தையும் காளையின் மதிப்பீட்டில் சேர்த்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1956 வரை நாமும் மூணாறுப் பக்கமும் ஒரே ராஜ்யம்தான், இப்போது கேரளத்தில் இருக்கும் அந்தப் பக்கத்து மாட்டுப்பட்டியில் 1963-இல் சுவிஸ்காரர்களோடு தொடங்கிய வேலை, வீடு வீடாகப் போய் மகள்களின் பாலை அளந்து காளையைத் தேர்வது வரை வளர்ந்தது. எல்லை தாண்டினால் நடக்கிறது, இங்கே நடக்காதா?

புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மாட்டின் காதில் மஞ்சள் வில்லை, 12 இலக்க எண், ஏற்கெனவே இருக்கிறது. மாடு செத்துக் காப்பீடு கேட்டால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான், உயிரோடு இருக்கும்போது ஒருவரும் கேட்பதில்லை. அந்த எண்ணுக்குக் கீழே கன்று போட்ட நாள், ஊசி நாளும் காளை எண்ணும், மூன்றாம் மாசம் சினை பார்த்ததா, என்ன நோய் வந்தது என்று எழுதினால் போதும். மாசம் ஒரு நாள் மட்டும் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியாக அளந்து கொண்டுவரச் சொல்லுங்கள், இரண்டு வேளையும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மடிநோய் என்று எழுதினால் அந்த வீட்டுப் பாலையே நாளைக்கு வேண்டாம் என்பீர்கள் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. மருந்து போட்ட மாட்டின் பாலை அந்தந்த நாட்களுக்கு ஊற்றக் கூடாது, அது நியாயம். அதோடு நிறுத்துங்கள். எழுதியவரை அதைவைத்து மடக்கினால் அடுத்த மாசம் எல்லா மாடும் ஆரோக்கியமாகிவிடும், ஏட்டில். அப்புறம், சங்க அட்டையில் பெரும்பாலும் ஆண் பெயர். விடியற்காலையில் மாடு கத்துவதைக் கேட்டு, கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகுவதைப் பார்க்கிறவர்கள் நாங்கள். அதனால் படிவத்தைத் தமிழில், பெரிய எழுத்தில் அடியுங்கள், கூட்டம் போட்டால் எங்களையும் கூப்பிடுங்கள், கறவை நேரத்தில் வைக்காதீர்கள்.

மாதிரி வேண்டுமென்றால் என் நோட்டைத் தருகிறேன், சாணி வாசம் அடிக்கும். நவம்பர் 14-லிருந்து 280 நாள் எண்ணினால் செவலைக்கு ஆகஸ்ட் 21. போன கன்றுக்கும் இதற்கும் 17 மாசம், நான்கு மாசம் வீணாகத் தீனி போட்ட கணக்கும் அதே பக்கத்தில் இருக்கிறது. பிறக்கப்போகும் கன்றின் தகப்பன் எண்ணை மேலே எழுதிவிட்டேன். அதன் வில்லை எண்ணுக்குத்தான் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு பால்காரி